வானலைக்கும் முறை வேண்டும்: தேனியின் கம்பியில்லா வலைப்பின்னல் காட்டும் வழி

கம்பம் பள்ளத்தாக்கில் தண்ணீருக்கு முறை உண்டு. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை எழுந்து, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியே கிழக்கே திரும்பியது முதல், இங்குள்ள 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்த நீரை நம்பி இருக்கிறது. நீர் குறைந்த ஆண்டில் எல்லா மடைகளையும் ஒன்றாகத் திறந்தால் கடைமடைக்கு எதுவும் போய்ச் சேராது. ஆகவே முறை வைத்துத் திறக்கிறார்கள். இதே பள்ளத்தாக்கில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பொதுச்சொத்துக்கும் 20 ஆண்டுகளுக்கு முன் இதே தேவை வந்தது. அது வானலை. ஒரே டவரில் வெவ்வேறு ஊர்களைப் பார்த்துப் பல ஆண்டெனாக்களைக் கட்டும்போது அவை ஒன்றையொன்று கெடுக்காமல் வேலை செய்ய வைப்பது எப்படி என்பதே அன்று எழுந்த கேள்வி. உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் இதற்குப் பல விடைகளைத் தந்திருக்கிறார்கள். அந்த விடைகளைத் தேனியின் அனுபவத்தோடு சேர்த்து எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஊர்ப்புறத்து நெடுந்தூர வலைப்பின்னலில் முதலில் கவலைப்பட வேண்டிய குறுக்கீடு, நம்முடைய டவரிலேயே நம்முடைய ஆண்டெனாக்களுக்கு இடையில் பிறப்பதுதான். கூடுதல் ஆற்றலாலும் கூடுதல் சேனலாலும் மட்டும் அது தீராது. யார் எப்போது பேசுவது என்ற முறையை வகுத்த பிறகுதான் மற்ற மருந்துகள் பலிக்கும். இதுவே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

முதலில் அந்த வலைப்பின்னலைப் பார்ப்போம். 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1985-இல் தேனியில் ஒரு மருத்துவமனையைத் திறந்தது. அறுவை சிகிச்சைக்குத் தேனி போதும். ஆனால் கண்ணில் உறுத்தல், பார்வை மங்கல், கண்ணாடி மாற்றுதல் போன்றவற்றுக்காக ஒரு கூலித் தொழிலாளி ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத் தேனிக்குப் பஸ் ஏறுவது கடினம். எனவே ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர் போன்ற ஊர்களில் சிறிய கண் பரிசோதனை மையங்கள் வந்தன. அங்கே பயிற்சி பெற்ற ஒரு பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதித்துக் குறிப்பெடுப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் வீடியோவில் நோயாளியைப் பார்த்துப் பேசி முடிவு சொல்வார். இதற்கு நம்பகமான தகவல் இணைப்பு வேண்டும். அன்று இந்த ஊர்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் அப்படி ஒன்று இல்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய குழு, வீட்டுக்குள் முப்பது நாற்பது மீட்டருக்கென்று வடிவமைக்கப்பட்ட வைஃபை கருவிகளை நெடுந்தூரத்துக்குப் பயன்படுத்தலாம் என்றது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமம் தேவையில்லை என்று இந்திய அரசு 2005-இல் விதி வகுத்தது இம்முயற்சிகளுக்கு வழியைத் திறந்தது.

அந்தக் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை தேனி வலைப்பின்னலின் உருவத்தைத் துல்லியமாகச் சொல்கிறது: ஐந்து மையங்கள், ஒரு மருத்துவமனை, இடையில் சிக்னலை வாங்கி அடுத்த ஊருக்குக் கடத்தும் ஐந்து அஞ்சல் நிலையங்கள், மொத்தம் 11 ரூட்டர்கள், 9 நேர்த்தடங்கள். மிகக் குறுகிய தடம் 1 கி.மீ., ஆண்டிபட்டிக்குப் போகும் மிக நீண்ட தடம் 15 கி.மீ. ஆறு ரூட்டர்கள் 24 முதல் 42 மீட்டர் வரை உயரமுள்ள டவர்களில் இருந்தன. மற்றவை மொட்டைமாடிக் கம்பங்களிலும், ஒரு நூற்பாலை வளாகத்துப் புகைபோக்கியின் மேலும்கூட ஏற்றப்பட்டன. டவருக்கு ஏன் அவ்வளவு உயரம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 15 கி.மீ. தடத்தின் நடுவில் அலை தடையின்றிப் போக, நேர்கோட்டுக்குக் கீழே சுமார் 13 மீட்டராவது வெற்றிடம் வேண்டும். பூமியின் வளைவு இன்னும் 3 மீட்டரைத் தின்னும். நடுவில் 20 மீட்டர் தென்னந்தோப்பு நின்றால் கூட்டுத்தொகை 36 மீட்டர் ஆகிவிடுகிறது. தென்னை இல்லாத வெட்டவெளியில் பாதி உயரமே போதும். ஒவ்வொரு ரூட்டரிலும் மூன்று ரேடியோ அட்டைகள் வரை இருந்தன. நீண்ட தடங்களுக்கு 24 டெசிபெல் திறனுள்ள ஆண்டெனா பயன்பட்டது. அதாவது எல்லாத் திசைக்கும் சிதற வேண்டிய ஆற்றலை ஒரே திசையில் குவித்து, அந்தத் திசையில் சுமார் 250 மடங்கு வலுவாக்கும் ஆண்டெனா.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வைஃபையின் அடிப்படை விதி, பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேட்பது. வேறு யாரும் பேசவில்லை என்றால் பேசலாம். ஒரே அறைக்குள் இருப்பவர்களுக்கு இது நல்ல விதி. ஆனால் ஒளிவேகத்தில் போகும் அலைக்கும் 15 கி.மீ. கடக்க 50 மைக்ரோ நொடி ஆகிறது. பழைய வைஃபை தரத்தில் ஒரு கேட்கும் இடைவெளி 20 மைக்ரோ நொடி. எதிர்முனையில் பேச்சு தொடங்கி இரண்டரை இடைவெளி கழிந்த பிறகுதான் இந்த முனைக்கு அது தெரியவரும். அதற்குள் இதுவும் பேசத் தொடங்கிவிடும். அதோடு, அனுப்பிய ஒவ்வொரு தகவல் பொட்டலத்துக்கும் "வந்து சேர்ந்தது" என்ற பதில் குறிப்பிட்ட நேரத்துக்குள் வர வேண்டும். தூரம் அதிகமானால் பதில் வரும்முன்பே ரூட்டர் பொறுமையிழந்து அதே பொட்டலத்தை மறுபடி அனுப்பும். சேர்ந்துவிட்ட தகவலையே திரும்பத் திரும்ப அனுப்பித் தடத்தை அடைத்துக்கொள்ளும். அறைக்குள் ஒழுங்கைக் காத்த விதி பள்ளத்தாக்கில் ஒழுங்கைக் குலைக்கிறது.

ஆனால் இதைவிடக் கடுமையான சிக்கல் டவரின் உச்சியில் இருக்கிறது. ஒரு அஞ்சல் நிலையத்தில் 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆண்டெனாக்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று 15 கி.மீ. தொலைவிலிருந்து வரும் சிக்னலைக் கேட்கிறது. மற்றொன்று அதே சேனலில் வேறு ஊருக்குப் பேசுகிறது. ஆண்டெனாக்கள் தத்தம் திசையைத்தானே பார்க்கின்றன, பக்கத்திலிருப்பது எப்படிக் குறுக்கிடும் என்று தோன்றலாம். ஆனால் எந்தத் திசை ஆண்டெனாவும் முழுக்கத் திசைக் கட்டுப்பாடு உடையதல்ல. பக்கவாட்டில் கொஞ்சம் கசியும். அந்தக் கசிவு முன்திசை வலுவில் 250-இல் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். தொலைவிலுள்ள சிக்னலுக்கு அனுப்பும் முனையில் 250, கேட்கும் முனையில் 250 என்று மொத்தம் 62,500 மடங்கு சாதகம் இருக்கிறது. ஆனால் அது கசிவைக் காட்டிலும் 5,000 மடங்கு தூரம் கடந்து வருகிறது. அலையின் வலு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால் அதன் பாதகம் 2.5 கோடி மடங்கு. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால், பக்கத்து ஆண்டெனாவின் கசிவு தொலைதூரச் சிக்னலைவிட 400 மடங்கு வலுவாகக் கேட்கும். காதருகே மேளம் கொட்டும்போது தெருமுனையில் கூப்பிடும் குரலைக் கேட்கச் சொல்வதைப் போன்றது இது. இங்கே ஆற்றலைக் கூட்டுவதில் பயனில்லை. எல்லா ரேடியோக்களின் ஆற்றலையும் இரட்டிப்பாக்கினாலும் அந்த 400 அப்படியேதான் இருக்கும்.

இதற்கு ஆராய்ச்சி உலகம் தந்த விடைகளை மூன்று வழிகளாகப் பிரிக்கலாம். முதல் வழி சேனலைப் பிரிப்பது. ஒவ்வொரு தடத்துக்கும் தனி அலைவரிசை கொடுப்பது. அஷிஷ் ரணிவாலாவும் ட்ஸி-கெர் சியுவும் 2005-இல் காட்டியபடி, ஒரு நிலையத்துக்கு இரண்டு ரேடியோ வைத்துச் சேனல்களைக் கவனமாகப் பகிர்ந்தாலே ஒற்றைச் சேனல் வலைப்பின்னலைவிட ஆறு ஏழு மடங்கு வரை தகவல் கொண்டுசெல்ல முடியும். இரண்டாவது வழி இடத்தையும் அலையின் கிடையையும் பிரிப்பது. ஆண்டெனாக்களை மேலும் கீழுமாகத் தள்ளிக் கட்டுவது, ஒன்றின் அலையைச் செங்குத்தாகவும் மற்றொன்றின் அலையைக் கிடைமட்டமாகவும் அனுப்புவது. மூன்றாவது வழி நேரத்தைப் பிரிப்பது. இந்த மூன்றாவது வழியின் தெளிவான வடிவம் இந்தியாவில் பிறந்தது. கான்பூர் ஐஐடி-யைச் சேர்ந்த பாஸ்கரன் ராமனும் காமேஸ்வரி செப்ரோலுவும் கங்கைச் சமவெளியில் அமைத்த நெடுந்தூர வைஃபை வலைப்பின்னலின் அனுபவத்திலிருந்து 2005-இல் ஒரு புதிய நெறிமுறையை முன்வைத்தார்கள்.

அதன் கரு எளிமையானது. ஒரே டவரில் ஒரு ஆண்டெனா பேசும்போது மற்றொன்று கேட்க முடியாது. ஆனால் எல்லா ஆண்டெனாக்களும் ஒரே நேரத்தில் பேசலாம், எல்லாம் ஒரே நேரத்தில் கேட்கலாம். எல்லாம் சேர்ந்து பேசும்போது கேட்கும் காது அந்த டவரில் இல்லை என்பதால் கசிவு யாரையும் கெடுக்காது. எல்லாம் சேர்ந்து கேட்கும்போது பேசும் வாய்கள் யாவும் தொலைவில் இருக்கின்றன. ஒவ்வொரு ஆண்டெனாவும் தன் திசையில் வருவதை 250 மடங்கு கூர்மையாகக் கேட்கும், மற்றதை அலட்சியம் செய்யும். ஆக, டவர் முழுவதும் ஒரு முறை பேசும், அடுத்த முறை கேட்கும். அண்டை டவர் இதற்கு நேர்மாறாக இயங்கும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நிலையங்களை இரண்டு அணிகளாகப் பிரித்தால், தடம் ஒவ்வொன்றும் ஓர் அணியிலிருந்து எதிரணிக்கே போக வேண்டும். மூன்று டவர்கள் முக்கோணமாக இணைந்தால் இது முடியாது. முதலாவது பேச இரண்டாவது கேட்க, மூன்றாவதற்கு இடமில்லை. மரக்கிளை போல் பிரியும் அமைப்பில் முக்கோணமே வராது. மருத்துவமனையை நடுவாக வைத்து, வளையங்கள் இல்லாமல் 9 தடங்களில் படர்ந்த தேனியின் அமைப்பு இந்த முறைக்கு இயல்பாகவே பொருந்தியது. இருபுறமும் மலை நெருக்க, தேனிக்குத் தெற்கே சாலையை ஒட்டி ஊர்கள் வரிசையாக அமைந்த நிலவியலுக்கும் இத்தகைய அமைப்பே தோதானது.

இந்த முறை "சத்தத்தைக் கூட்டு" என்ற பழக்கத்தையும் திருத்துகிறது. ஒரே டவரில் ஒரு தடம் 1 கி.மீ., இன்னொன்று 15 கி.மீ. என்று சந்தித்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேரும்போது, அருகிலிருந்து வருவது தூரத்தின் வர்க்கக் கணக்கில் 225 மடங்கு வலுவாக இருக்கும். தொலைதூர ஆண்டெனாவின் 250 மடங்கு கூர்மை அதற்கே செலவாகிவிடும். கிட்டத்தட்ட சமமான இரண்டு குரல்களில் எதுவும் புரியாது. இங்கே மருந்து தூரத்திலிருப்பவர் கத்துவதல்ல, பக்கத்திலிருப்பவர் குரலைத் தாழ்த்துவது. தலைமடைக்காரர் தன் மடையைச் சற்றுக் குறுக்கினால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும் என்பதைப் பள்ளத்தாக்கின் விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெர்க்லி குழுவின் ரபின் பத்ரா, செர்ஜியு நெடவ்ஸ்கி, சோனேஷ் சுரானா உள்ளிட்டோர் 2007-இல் இந்தக் கருவை மேலும் வளர்த்தார்கள். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் தனித்தனிப் பதில் கேட்பதை நிறுத்தி, ஒரு முறையில் வந்தவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில் தரச் செய்தார்கள். வழியில் சில பொட்டலங்கள் தொலைந்தாலும் மீதியிலிருந்து அவற்றை மீட்டெடுக்கும்படி கூடுதல் குறியீடுகளையும் சேர்த்தார்கள். சாதாரண வைஃபையைவிட இரண்டு முதல் ஐந்து மடங்கு வேகம் கிடைத்ததாக அவர்களின் அளவீடுகள் காட்டின. தேனியின் தடங்களில் நொடிக்கு 5 முதல் 7 மெகாபிட் வரை சென்றது. இழப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. நல்ல வீடியோ உரையாடலுக்கு ஒவ்வொரு திசையிலும் 256 கிலோபிட் போதும் என்பதால் 4, 5 மெகாபைட் அளவுள்ள விழித்திரைப் படங்களை அனுப்பவும் இடம் இருந்தது. புதிய ரேடியோ எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. கடையில் கிடைக்கும் அதே அட்டைகள், அதே அலைவரிசை. மாறியது மென்பொருளில் எழுதப்பட்ட முறை மட்டுமே.

இதற்கு எழும் முதல் மறுப்பு, தேவையைவிட இருபது மடங்கு கொள்ளளவு இருக்கும்போது இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்பது. ஆனால் கொள்ளளவும் நம்பகமும் ஒன்றல்ல. அஞ்சல் நிலையங்கள் வழியே மூன்று தாவலில் போகும் தடத்தில் ஒவ்வொரு தாவலுக்கும் 2 விழுக்காடு இழப்பு இருந்தாலே முடிவில் கிட்டத்தட்ட 6 விழுக்காடு போய்விடும். முறையில்லாத டவரில் ஒரு தாவலுக்கே 20 விழுக்காடு இழந்தால் மூன்று தாவலுக்குப் பின் பாதிதான் மிஞ்சும். கண்ணில் என்ன உறுத்துகிறது என்று ஒரு மூதாட்டி சொல்லும் வாக்கியத்தில் பாதியை மட்டும் கேட்டு எந்த மருத்துவரும் மருந்து எழுத மாட்டார். பியூஷ் குப்தாவும், சென்னை ஐஐடி-யில் படித்த பி. ஆர். குமாரும் 2000-இல் கணித முறையில் நிறுவியது இதை இன்னும் விரிந்த தளத்தில் சொல்கிறது: ஒரே வானலையைப் பகிரும் நிலையங்கள் பெருகப் பெருக, ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கும். இன்று உபரியாகத் தெரிவது, மையங்கள் பெருகும்போது உபரியாக இருக்காது.

இரண்டாவது மறுப்பு சேனல் பற்றியது. ரணிவாலாவின் முடிவு அவ்வளவு நன்றாக இருக்கும்போது சேனலைப் பிரித்தாலே போதாதா? 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் மொத்த அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ். அதில் ஒன்றோடொன்று மேற்படியாத சேனல்கள் மூன்றே. நான்கு ஐந்து திசைக்குப் பேசும் நடு நிலையத்தில் அவை உடனே தீர்ந்துபோகும். 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றித் திறந்துவிடப்பட்ட பிறகு இந்த நெருக்கடி வெகுவாகத் தளர்ந்தது உண்மை. புதிதாக அமைப்பவர் அதைப் பயன்படுத்தவே வேண்டும். ஆனாலும் 3 மீட்டரில் இருக்கும் பேச்சு வேறு சேனலில் இருந்தாலும், மலிவான ரேடியோவின் வடிகட்டியைத் தாண்டிக் கேட்கும் சுற்றைத் திணறடிக்கும். அலையின் கிடையை மாற்றுவது பொதுவாக நூறு மடங்கு அளவுக்குப் பாதுகாப்புத் தரும். மேலே பார்த்த 400-ஐச் சமாளித்து, சிக்னல் குறைந்தது பத்து மடங்கு மேலோங்கி நிற்க வேண்டுமானால் 4,000 மடங்கு தேவை. ஆகவே சேனலும் கிடையும் நல்ல துணைகள். நேர முறையோடு சேரும்போது அவற்றின் பலன் பெருகுகிறது. தனித்து நின்றால் டவரில் ஆண்டெனா கூடக் கூட அவை தளர்ந்துவிடும்.

மூன்றாவது மறுப்பு வலுவானது. நம் ஆண்டெனாக்களை நாம் முறைப்படுத்தலாம், ஊராரின் வைஃபையை யார் முறைப்படுத்துவது? உரிமமில்லாப் பட்டை எல்லோருக்கும் சொந்தம். அன்மோல் சேத் உள்ளிட்டோர் 2007-இல் நகர்ப்புறத் தடங்களை ஊர்ப்புறத் தடங்களோடு ஒப்பிட்டு, நெடுந்தூரத் தடங்களின் இழப்புக்கு முதன்மைக் காரணம் வெளி வைஃபையே என்றார்கள். பாஸ்டன் பகுதியில் எல்லாத் திசைக்கும் பேசும் ஆண்டெனாக்களோடு அமைந்த எம்.ஐ.டி-யின் வலைப்பின்னலில், கட்டடங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலி அலைகளே இழப்புக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டதற்கு இது மாறானது. இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் நம் வாதத்தின் எல்லை தெளிவாகிறது. கட்டடங்கள் நெருங்கிய நகரத்துக்குத் தேனியின் விடை முழுமையாகப் பொருந்தாது. ஆனால் ஒரே ஆய்வில் நகரத் தடங்கள் தடுமாறியபோது ஊர்ப்புறத் தடங்களில் இழப்பு குறைவாகவே இருந்தது என்பதும் சான்றுதான். வெளிச்சத்தம் குறைந்த இடத்தில் மிஞ்சுவது நம் சொந்தச் சத்தம். மிஞ்சும் வெளி இழப்புக்கும், மறுபடி கேட்கக் காத்திருக்க முடியாத வீடியோவுக்குக் கூடுதல் குறியீடு, காத்திருக்கக்கூடிய கோப்புகளுக்கு மறு அனுப்புதல் என்ற ஏற்பாடு அதே மென்பொருளில் இருந்தது.

நான்காவது மறுப்பு நம் மண்ணின் பெருமை ஒன்றிலிருந்தே வருகிறது. பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-இல் விண்ணப்பித்து 1994-இல் காப்புரிமை பெற்ற மைமோ என்னும் கருத்து, பல ஆண்டெனாக்களின் அலைகள் கலப்பதையே பலமாக மாற்றிவிட்டது. 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது. 2009-இல் முடிவான வைஃபை தரம் முதல் இன்றைய 5ஜி வரை இக்கருத்தின் மேலேயே நிற்கின்றன. பிறகு ஆண்டெனாக்களை ஏன் முறை வைத்து அடக்க வேண்டும்? மைமோ தழைப்பது, அலை சுவரிலும் மரத்திலும் பட்டுப் பல வழிகளில் வந்துசேரும் சூழலில். ஒவ்வொரு வழியும் தனிப் பாதையாகப் பயன்படும். தென்னை உச்சிக்கு மேலே டவரிலிருந்து டவருக்கு ஒரே நேர்கோட்டில் போகும் அலைக்கு அந்தப் பல்வழி இல்லை. அங்கே பெரும்பாலும் செங்குத்து, கிடை என்று இரண்டு பாதைகளே கிடைக்கும். மேலும் மைமோ ஒரே இணைப்பின் இரு முனைகளுக்குள் ஆண்டெனாக்களை ஒத்துழைக்க வைக்கிறது. வேறு வேறு ஊர்களோடு பேசும் தனித்தனி ரேடியோக்களின் மோதல் அதன் கணக்குக்கு வெளியே நிற்கிறது. இரண்டும் வெவ்வேறு நோய்களுக்கான மருந்துகள்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. தேனியிலும், இமாச்சலத்தின் தர்மசாலாவிலும் கிடைத்த அனுபவத்தைத் தொகுத்த 2008-ஆம் ஆண்டு அறிக்கை, பழுதுகளில் மிகப் பெரும்பான்மைக்குக் காரணம் அலை அல்ல, மின்சாரம் என்கிறது. ஊர்ப்புற மின்கம்பியில் 1,000 வோல்ட் வரை திடீர் ஏற்றம் பதிவானது. ரூட்டர்களும் மின்வழங்கிகளும் எரிந்தன. அப்படியானால் குறுக்கீட்டைப் பற்றி இவ்வளவு பேசுவது வீண்தானா? இல்லை. குறுக்கீடு ஒரு முறை மென்பொருளில் சரியாகத் தீர்க்கப்பட்டால் மறுபடி தலைகாட்டுவது அரிது. மின்சாரக் கேடு தினமும் வரும், தினமும் ஆள் வேண்டும். முதலாவது சரியாகத் தீர்ந்ததால்தான் பராமரிப்பவரின் நேரம் இரண்டாவதற்குக் கிடைத்தது. வீடியோ நின்றுபோகும் ஒவ்வொரு முறையும் அது குறுக்கீடா மின்பழுதா என்று தெரியாமல் டவர் ஏறி இறங்க வேண்டியிருந்தால், எந்த மருத்துவமனையும் இதை ஓர் ஆண்டுக்கு மேல் தாங்கியிருக்காது.

இன்று அரசின் பாரத்நெட் திட்டத்தின் ஒளியிழைகள் ஊராட்சிகளை எட்டுகின்றன. கைபேசி டவர்கள் பெருகிவிட்டன. அரவிந்தின் கண் பரிசோதனை மையங்கள் தமிழகத்தில் நூறைத் தாண்டி, பல வகை இணைப்புகளில் இயங்குகின்றன. இந்தப் பழைய வைஃபை பாடம் காலாவதியாகவில்லையா என்று கேட்கலாம். இல்லை. 2022 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்த 5ஜி-யின் முதன்மையான, 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டையில் டவர்கள் ஒரே அலைவரிசையில் பேசுவதையும் கேட்பதையும் மாறி மாறிச் செய்கின்றன. ஒரு நிறுவனத்தின் டவர் பேசும்போது அருகில் மற்றொரு நிறுவனத்தின் டவர் கேட்டுக்கொண்டிருந்தால், மேலே கண்ட அதே வகைக் கணக்கு அங்கும் வரும். ஆகவேதான் போட்டி நிறுவனங்கள்கூடத் தங்கள் கடிகாரங்களை ஒத்திசைத்து, ஒன்றாகப் பேசி ஒன்றாகக் கேட்க வேண்டியிருக்கிறது. கோடிக்கணக்கான ரூபாய் முதலீட்டிலும், நூற்பாலைப் புகைபோக்கியில் கட்டிய சிறு ரூட்டரிலும் இயங்குவது ஒரே நியதி.

வருசநாட்டு மலைக் கிராமங்களிலும் மேகமலைத் தேயிலைத் தோட்டங்களிலும் இழை போய்ச் சேர்வது கடினமான இடங்கள் இன்னும் இருக்கின்றன. பள்ளிக்கோ சுகாதார நிலையத்துக்கோ அங்கே டவர் எழுப்பும்போது, எத்தனை வாட், எத்தனை சேனல் என்ற கேள்விகளோடு விலைப்பட்டியல் தயாராகிவிடுகிறது. அதற்கு முன்பே வரைபடத்தை விரித்து, எந்த நிலையம் எந்த அணி, எங்காவது முக்கோணம் விழுகிறதா, குறுந்தடத்தின் ஆற்றலை எவ்வளவு தாழ்த்த வேண்டும் என்று குறித்துவிட வேண்டும். அந்தத் தாளுக்கு ஆகும் செலவு சில மணிநேரம். அது இல்லாமல் வாங்கும் கருவிக்கு ஆகும் செலவைப் பிறகு நோயாளியும் மாணவரும் கொடுப்பார்கள். கால்வாய் வெட்டும்போதே மடைகளின் முறையையும் எழுதிவைப்பது இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. வானலைக்கும் அதையே செய்தால் போதும்.